மந்திரச் சுவடிக்கு நாங்கள் வகுத்த வீட்டு விதிகள்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில், மந்திரவாதிப் பாத்திரம் தன் மந்திரங்களை எழுதிவைக்கும் சுவடி பெயரளவுக்கே சுவடியாக இருக்கிறது என்பது, ஆட்டத்தை நடத்தும் நடுவர் என்ற முறையில் என் உறுதியான கருத்து. பாத்திரத்தின் வளர்ச்சியில் முதல் நிலையில் ஆறு மந்திரங்கள், அடுத்த ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மந்திரங்கள் எந்தச் செலவுமின்றி அதில் ஏறிவிடுகின்றன. வேறோர் இடத்தில் கிடைத்த மந்திரத்தைப் படியெடுக்க, அதன் ஆற்றலைக் குறிக்கும் படி ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரமும் 50 பொன்னும் ஆகும். அதன்பின் சுவடி மூட்டைக்குள் போய்விடுகிறது. ஆட்டம் முடியும்வரை அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பட்டாலையில், ஆத்தங்குடிக் கல்லின் கட்டங்களையே போர்க்களமாகக் கொண்டு ஆடும் எங்கள் குழு, இதை மாற்றுவதற்காகச் தனக்கென்றே சில வீட்டு விதிகளை வகுத்து, முதல் நிலையில் தொடங்கிய ஒரு நெடுங்கதை முழுவதிலும் கடைப்பிடித்து வருகிறது.

அவற்றுள் மிகுந்த பயன் தந்தது ஏட்டுக் கணக்கு. சுவடிக்கு நூறு ஏடுகள்; ஒரு மந்திரம் எத்தனையாவது படியோ அத்தனை ஏடுகளை அது எடுத்துக்கொள்ளும். இது மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5இல் இருந்த பக்கக் கணக்குதான். எங்கள் கதையுலகில் ஓலைச்சுவடி வழங்குவதால் பக்கம் ஏடாயிற்று. நிலை உயரும்போதெல்லாம் கைக்கெட்டும் மிக உயர்ந்த படியிலேயே இரண்டு மந்திரங்களைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒன்பதாம் நிலையில் 54 ஏடுகள் நிரம்பியிருக்கும். பதின்மூன்றாம் நிலையில் அது 102 ஆகி, வெளியிலிருந்து ஒரு மந்திரத்தையும் படியெடுக்காதபோதே முதல் சுவடி போதாமல் போகும். இரண்டாம் சுவடி வந்தவுடன், எதை ஊரில் பெட்டியில் பூட்டிவைப்பது, எதைப் பயணத்தில் எடுத்துச் செல்வது என்ற கேள்வியும் உடன் வந்தது. ஏனெனில், கையில் உள்ள சுவடியிலிருந்து மட்டுமே அன்று பயன்படுத்தப்போகும் மந்திரங்களைத் தேர்ந்து ஆயத்தம் செய்யலாம் என்பதை நாங்கள் கண்டிப்பாகப் பின்பற்றுகிறோம். மாயம் இருப்பதை உணர்த்தும் டிடெக்ட் மேஜிக், மாயப் பொருளின் தன்மையை அறிவிக்கும் ஐடென்டிஃபை போன்ற முதற்படிச் சடங்கு மந்திரங்களை ஆயத்தம் செய்யாமலே, கூடுதலாகப் பத்து நிமிடம் செலவிட்டுச் சுவடியைப் பார்த்து ஓதலாம் என்பதால், ஓரேடு மட்டும் கொள்ளும் அவற்றுக்கு எங்கள் ஆட்டத்தில் தனி மதிப்பு உண்டாகிவிட்டது.

படியெடுக்கும் செலவில் பாதியைப் பொன்னாகத் தராமல், இன்னொரு மந்திரவாதிக்குத் தன் சுவடியிலிருந்து அதே படியிலான ஒரு மந்திரத்தைப் படியெடுக்கக் கொடுத்து ஈடுசெய்யலாம் என்பது அடுத்த விதி. இதனால் மந்திரவாதிகள் ஒருவரையொருவர் தேடிப்போகத் தொடங்கினர். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் ஒருவராகவே திரட்டிய நூல்கள் பின்னாளில் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக ஆயின. அதை மனத்தில் வைத்து, கதையில் ஒரு வணிகரின் சுவடி மாளிகையை அமைத்தேன். அங்கே நுழைவதற்குக் கட்டணம் கிடையாது. மாளிகையில் இல்லாத ஒரு மந்திரத்தைக் கொண்டுவர வேண்டும். சண்டையே நிகழாமல் ஒரு மாலை முழுவதும் பேரம் பேசுவதிலேயே கழிந்ததும், எல்லாரும் அதை விரும்பியதும் இந்த விதியால்தான்.

சுவடி அழிவது பற்றிய விதியே மிகுந்த வாதத்துக்கு உள்ளாயிற்று. அச்சிட்ட விதிப்படி, வெடித்துத் தீப்பரப்பும் ஃபைர்பால் மந்திரம், எவரும் அணியாத, கையில் வைத்திராத பொருள்களையே பற்றவைக்கும். மந்திரவாதி சுமந்து செல்லும் சுவடிக்கு ஒன்றும் ஆகாது. தீயைத் தவிர்க்கும் பகடையில் ஒன்று விழுந்தால் சில ஏடுகள் கருகும் என்ற விதியைச் சில மாதங்கள் வைத்திருந்து கைவிட்டோம். அதை எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிறவியிலேயே மாயசக்தி பெற்ற சார்சரருக்கு இழக்கச் சுவடியே இல்லை. அதே தீயில் நின்ற இருவரில் ஒருவர் மட்டும் பல வாரங்கள் சேர்த்ததை, தான் எந்த முடிவும் எடுக்காத ஒரு நொடியில் இழப்பது நியாயமன்று. ஐந்தாம் நிலையில், அறிவுத்திறன் 16 உள்ள மந்திரவாதியின் சுவடியில் குறைந்தது 14 மந்திரங்கள் இருக்கும். ஆயத்தத்தில் இருப்பவை எட்டு. சுவடி போனால் அந்த எட்டை மட்டுமே நினைவிலிருந்து திரும்ப எழுத முடியும் என்னும்போது இழப்பின் கனம் விளங்கும்.

அதற்கு மாற்றாக வந்த விதி, சுவடி விரித்திருக்கும்போது மட்டுமே அதற்கு ஆபத்து என்பது. சடங்கு நடத்தும்போதும், படியெடுக்கும்போதும், விடியலில் மந்திரங்களை ஆயத்தம் செய்யும்போதும் தாக்குதல் நேர்ந்தால் தீயும் நீரும் ஏட்டைத் தொடலாம். கயிறு கட்டி உறையிலிட்டுவிட்டால் எதுவும் தொடாது. எங்கே, எப்போது விரிப்பது என்பது ஆட்டக்காரரின் கையில் இருப்பதால், இழப்பு நேர்ந்தபோதும் எவரும் முறையிடவில்லை. மழைக்கால இரவில் ஒழுகும் சத்திரத்தில் சடங்கை நடத்தலாமா, பொழுது விடியட்டுமா என்று குழு முழுவதும் கூடி ஆலோசித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

மாற்றுப் பிரதி எழுத மந்திரத்தின் ஒரு படிக்கு ஒரு மணி நேரம், 10 பொன் என்ற மூல விதியை அப்படியே விட்டுவிட்டோம். 54 ஏடுகளுக்கு 54 மணி நேரமும் 540 பொன்னும் என்பது தகுந்த விலையே. ஓலை செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் படியெடுத்துப் போற்றிய மரபை அறிந்த எங்கள் ஆட்டக்காரர்களுக்கு அதன் தேவையை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே மாலையில் முடிந்துவிடும் கதைகளுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். ஏடு நிரம்புவதற்குள் கதை தீர்ந்துவிடும். குழுவில் மந்திரவாதி ஒருவரே என்றால், பண்டமாற்று விதிக்கு நடுவர் முன்கூட்டியே சில மந்திரவாதிகளையும் அவர்களுடைய சுவடிகளில் உள்ள மந்திரங்களையும் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த உழைப்புக்கு நேரமில்லாதவர்கள் ஏட்டுக் கணக்கையும் விரித்த சுவடி விதியையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.