மூன்று ஆண்டுகள், இரண்டு ரஜாய் உறைகள்

ரஜாய்க்கு, அதாவது பஞ்சு அடைத்த மெத்தைப் போர்வைக்கு, உறை வாங்கும்போது எல்லோரும் முதலில் பூவைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மர அச்சு குத்திய இரண்டு பருத்தி உறைகளை மூன்று ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் போட்டுவருகிறேன். இரண்டும் ராஜஸ்தானின் ஜெய்ப்பூர் பக்கத்து ஊர்களின் அச்சு வகை. ஒன்று சங்கானேர் பாணி: வெள்ளைத் துணியில் மெல்லிய பூங்கொடி. மற்றது பக்ரு பாணி: சேற்றுக் கலவையை அச்சாகக் குத்தி, அந்த இடத்தில் சாயம் ஏறாமல் அவுரியில் முக்கியெடுத்த கருநீலம்.

நீலம் முதல் வாரமே தன் வேலையைக் காட்டியது. காலையில் எழுந்து பார்த்தால் தலையணை ஓரமெல்லாம் நீலத் தீற்றல். அவுரி பெரும்பாலும் நூலின் மேற்பரப்பிலேயே தங்கும் சாயம். உரசினால் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஊறவைத்தேன், உப்புதான் வீண். குளிர்ந்த நீரில் தனியாக ஐந்தாறு முறை அலசிய பிறகே அடங்கியது. இன்று முழங்கால் படும் இடம் மட்டும் வெளுத்து, பழைய ஜீன்ஸ் போல இருக்கிறது. எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

வெள்ளை உறையில் சாயம் துளியும் மங்கவில்லை. துணிதான் கைவிட்டது. மல்மல் போன்ற மெல்லிய துணி; கையில் எடுத்தபோது அந்த மென்மையில் மயங்கிவிட்டேன். இரண்டாம் ஆண்டில் மூலைத் தையலை ஒட்டி இழை விலகியது. கால் நகம் மாட்டி ஒரு கிழிசல் வேறு. இப்போது எந்த உறையானாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் கையை வைத்துப் பார்க்கிறேன். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அது தாவணிக்கு ஆகும், ரஜாய்க்கு ஆகாது.

அளவில் செய்த தவறு இன்னும் பெரியது. ரஜாய் 90 அங்குலச் சதுரம் என்பதால் உறையையும் சரியாக 90 அங்குலமே வாங்கினேன். முன்கூட்டியே சுருக்கப்படாத பருத்தி, முதல் சில சலவைகளில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். வெள்ளை உறை 86½ அங்குலத்தில் வந்து நின்றது. உள்ளே ரஜாய் மூட்டை போலச் சுருண்டு, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் வெறுந்துணியுமாகக் கிடந்தது. நீல உறையைத் தைப்பதற்கு முன்பே துணியைப் பலமுறை அலசியிருந்ததால் அது அவ்வளவாகச் சுருங்கவில்லை.

ரஜாயை நகராமல் கட்டிவைக்க உள்மூலைகளில் நாடா இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். வெள்ளையில் இல்லை; நானே நான்கு துண்டு தைத்துக்கொண்டேன். உறையின் வாயை மூடப் பித்தான் அழகுதான், ஆனால் இடைவெளியில் கால் பெருவிரல் நுழைந்து நள்ளிரவில் தூக்கத்தைக் கெடுக்கும். ஜிப் உத்தமம்.

கை அச்சுதானா என்ற சந்தேகம் வந்தால் ஒரே பூவை நான்கைந்து இடங்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு என்பதால் எங்காவது கை பிசகியிருக்கும். என் வெள்ளை உறையின் கால்மாட்டில் ஓர் இலையின் பச்சை மட்டும் கோட்டைத் தாண்டி நூலளவு வெளியே நிற்கிறது. கிழிந்த உறையிலிருந்து தலையணை உறை தைக்கப்போகிறேன். அந்த இலை மேலே வரும்படி வெட்டச் சொல்லியிருக்கிறேன்.