ஃப்ரிட்ஜ் வாடைக்குக் கரிப்பை: வாங்கலாம், டிரேயைக் கழுவிய பிறகு

ஃப்ரிட்ஜ் வாடையைப் போக்க சென்னைக் கடைகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று வாசனை ஜெல். அதை வாங்கவே வேண்டாம். பழைய வாடை போகாது. சென்ட் வேறு சேர்ந்து, மூடாமல் வைத்த தயிரிலும் வெண்ணெயிலும் ஏறிவிடும். இன்னொன்று, ஆக்டிவேட்டட் கரி நிரப்பிய சின்னத் துணிப்பை. கொடுக்கிற காசுக்கு உழைப்பது இதுதான். கரியின் நுண்துளைகளில் வாடை ஒட்டிக்கொள்ளும். வெங்காயம், பூண்டு, பெருங்காயம் எல்லாம் நன்றாகவே அடங்கும்.

ஆனால் காற்றில் இருப்பதைத்தான் அது பிடிக்கும். வாடை கிளம்பும் இடத்தை விட்டுவைத்தால் எத்தனை பை போட்டாலும் வீண்.

பல வீடுகளில் அந்த இடம் ஃப்ரிட்ஜின் பின்பக்கம், கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும் தண்ணீர் டிரே. பொங்கி வழிந்த இட்லி மாவும் சிந்திய பாலும் உள்ளே பின்சுவரின் அடியில் உள்ள ஓட்டை வழியாக அங்கே போய்த் தேங்கும். கம்ப்ரஸர் சூட்டில் புளித்து, வழவழவென்று பாசி மாதிரி படலம் கட்டும். மாநகராட்சி ஊழியர்கள் டெங்கு கொசுப்புழு தேடி வரும்போது எட்டிப் பார்ப்பதும் இந்த டிரேயைத்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரேயைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேயுங்கள். கழற்ற வராத மாடலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். ஓட்டைக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீர் பாய்ச்சுங்கள். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும். கதவு ரப்பரின் மடிப்பில் கருப்பாகப் பூசணம் பிடித்திருக்கும், அதற்குப் பழைய டூத் பிரஷ். உள்ளே துடைக்க ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 2 டேபிள்ஸ்பூன் சமையல் சோடா. கண்ணாடித் தட்டைச் சில்லென்று இருக்கும்போதே வெந்நீரில் போடாதீர்கள், விரிசல் விடும்.

மீன் வாடைக்குச் சோடா சரிப்படாது. அந்த வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது, சோடாவும் அப்படியே. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள். அமிலம்தான் அதை முறிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல நாள்கணக்கில் கரண்ட் போய், ஃப்ரீசரில் அழுகிய மீனின் நீர் இன்சுலேஷனுக்குள் இறங்கிவிட்டால் வாடையைப் போக்குவது ரொம்பக் கஷ்டம்.

எல்லாம் துடைத்து, கதவைத் திறந்து காயவிட்ட பிறகு நடுத்தட்டில் பையை வையுங்கள், ஈரம் படக்கூடாது. மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும். இழந்த திறன் முழுதாகத் திரும்பாது, அதனால் வாடை மறுபடி தலைகாட்டினால் புதுப்பை மாற்றுங்கள். அடுப்புக்கரியை மாற்றாக வைக்க வேண்டாம்: நுண்துளை குறைவு, தூளும் உதிரும்.