அளவு கொடுத்துச் செய்த ஸ்டீல் சைக்கிள் ஃபிரேம்: புதுச்சேரி உப்புக் காற்றில் எப்படித் தாங்குகிறது

என் உயரம் 162 செ.மீ. இந்த உயரத்துக்குக் கடையில் எந்த ரோடு சைக்கிளை எடுத்தாலும் ஒரே தொல்லை: மெதுவாக வளைக்கும்போது ஷூ நுனி முன் டயரில் போய் முட்டும். நேரு வீதியில் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். சின்ன சைஸ் ஃபிரேமிலும் பெரிய ஃபிரேமுக்குப் போடும் அதே 700சி சக்கரத்தைத் திணிப்பதுதான் காரணம். எனக்கு எடை குறைக்கும் ஆசையோ பந்தய ஆசையோ கிடையாது, இந்த ஒன்றுக்காகவே என் அளவுக்கு ஃபிரேம் ஆர்டர் கொடுத்தேன். செய்தவர் வெளியூர்க்காரர். ஃபெஞ்சல் புயலுக்கு முந்தைய வருடம் ஃபிரேம் கைக்கு வந்தது, அன்றிலிருந்து தினசரி வண்டி இதுதான்.

முதலில் முடிவு செய்தது சக்கரம். 700சி ரிம்மின் விட்டம் 622 மி.மீ., அதைவிடச் சின்ன 650பி ரிம்முக்கு 584. டயரையும் சேர்த்துப் பார்த்தால், 38 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தின் ஆரம் 349, 42 மி.மீ. டயர் போட்ட 650பி சக்கரத்தின் ஆரம் 334. அங்கே 15 மி.மீ. மிச்சம். பெடல் மாட்டும் கையான கிராங்கை 170 மி.மீ.-லிருந்து 165 ஆக்கியதில் இன்னொரு 5. அப்புறம் பி.பி. (பாட்டம் பிராக்கெட், கிராங்க் சுழலும் அச்சு) நடுவிலிருந்து முன் சக்கர ஆக்சில் வரை 605 மி.மீ. கண்டிப்பாக வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டேன், மற்ற அளவுகள் அதைச் சுற்றி அமைந்தன: டாப் டியூப் (மேல் குழாய்) நேர்கிடையாக அளந்தால் 540 மி.மீ., ஹெட் டியூப் (ஹேண்டிலைத் தாங்கும் முன் குழாய்) கோணம் 71 டிகிரி, சீட் டியூப் (சீட்டுக்குக் கீழ் இருக்கும் குழாய்) 73.5 டிகிரி, ஃபோர்க் ரேக் (ஹேண்டில் அச்சிலிருந்து முன் ஆக்சில் முன்னால் தள்ளி நிற்கும் அளவு) 55 மி.மீ. டாப் டியூப் நீளமாகிவிட்டதே, கை எட்டுமா என்று கேட்பீர்கள். அதைச் சரிக்கட்டத்தான் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மை 60 மி.மீ. என்று குட்டையாக வைத்தேன். கோணத்தைச் சாய்த்ததற்கு ஏற்ப ரேக்கைக் கூட்டியதால் டிரெயில் (ஹேண்டில் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 57 மி.மீ. பக்கம் நிற்கிறது, ஹேண்டில் மந்தமாகவும் இல்லை, துடிப்பாகவும் இல்லை. இப்போது மட்கார்டு போட்டும் கால் முட்டுவதில்லை.

650பி என்றால் டயர், டியூபுக்கு எங்கே போவது என்று பலர் பயமுறுத்தினார்கள். 27.5 இஞ்ச் எம்.டி.பி. (மவுண்டன் பைக்) சக்கரமும் 650பி-யும் ஒரே 584 தான். எங்கள் தெருமுனைக் கடை அண்ணன் சக்கரத்தைப் பார்த்ததும், "இது 27.5 தானே சார், டியூப் நம்மகிட்டயே இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பாகங்களுக்கும் இதே கணக்குதான், இந்த ஊரில் கிடைக்காத எதையும் ஃபிரேமில் கட்டாயமாக்கக் கூடாது என்று இருந்தேன். மரை போட்ட 68 மி.மீ. பி.பி. ஷெல் (பி.பி. உட்காரும் குழல்), 27.2 மி.மீ. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பி), 135 மி.மீ. பின் ஹப், கேபிள் எல்லாம் ஃபிரேமுக்கு வெளியே. மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ்ஃபிட் பி.பி. வேண்டவே வேண்டாம். மரை போட்டது என்றால், வலது கப் மட்டும் எதிர்ப்பக்கம் கழலும் என்று தெரிந்த எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். கியர் முன்னால் ஒன்று, பின்னால் எட்டு. இங்கே ஏறுவதற்கு அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தை விட்டால் என்ன இருக்கிறது? எட்டு ஸ்பீடு செயின் மலிவு, எளிதில் தேயவும் தேயாது.

ஃபிரேம் டியூப் விஷயத்தில் ரெனால்ட்ஸா கொலம்பஸா (இரண்டும் டியூப் கம்பெனிகள்) என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஸ்டீல் எந்த ரகமானாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விலை கூடின ரகத்துக்கு வலிமை அதிகம் என்பதால் டியூப் சுவரை மெலிதாக்கலாம், அவ்வளவுதான். கடலோரத்தில் மெல்லிய சுவர் எதற்கு? நான் சாதாரண 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) எடுத்தேன். டவுன் டியூப் (கீழ்க் குழாய்) சுவர் நடுவிலும் 0.6 மி.மீ. இருக்கிறது.

துரு பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். உதிரி பாகங்களை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு டியூபுக்குள்ளும் லின்சீட் ஆயில் ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் உருட்டி, வடியவிட்டு நன்றாகக் காயவிட்டேன். பி.பி. ஷெல்லுக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை கேட்டு வாங்கியிருந்தேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது கீழ்த்தளத்தில் நின்ற வண்டிக்குப் பெடல் உயரம் தண்ணீர். வடிந்த பிறகு சீட் போஸ்ட்டை உருவிக் கவிழ்த்தால் டீ நிறத்தில் கொஞ்சம் தண்ணீரும் மணலும் வந்தன, ஓட்டை வழியாக மீதி ஏற்கெனவே போயிருந்தது. விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன், எண்ணெய்ப் படலம் பிசுபிசுப்பாக அப்படியே இருந்தது, துருப் பொடி வரவில்லை. பி.பி. மட்டும் கரகரத்தது, மாற்றிவிட்டேன்.

அலுமினிய சீட் போஸ்ட்டை ஸ்டீல் ஃபிரேமில் சும்மா விட்டால் உப்புக் காற்றில் இரண்டும் இறுகிக்கொள்ளும், பிறகு ரம்பம்தான். மாதம் ஒரு தடவை உருவித் துடைத்து கிரீஸ் போடுகிறேன். கிளாம்ப் பிளவின் மேல் பழைய டயர் டியூபில் வெட்டிய ஒரு வளையம் மாட்டியிருக்கிறேன், மழைத்தண்ணீர் உள்ளே போவது பெருமளவு நின்றுவிட்டது. பார்க்க அசிங்கம்தான், பரவாயில்லை.

செயின் ஸ்டே (பி.பி.யிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) 445 மி.மீ. பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கி இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டாலும் குதிகால் தட்டாது. மரக்காணம் வரை ஈ.சி.ஆரில் போய்வரும் நாட்களில் 42 மி.மீ. டயர் கொஞ்சம் இழுக்கிறது, ஆனால் ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடைகளில் முதுகு பிழைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பின் டிஸ்க் பிரேக் மவுண்ட்டை செயின் ஸ்டேக்கும் சீட் ஸ்டேக்கும் (சீட் பக்கமிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கும் குழாய்) நடுவே வைக்கச் சொல்லியிருந்தேன், செய்தவர் சீட் ஸ்டே மேலேயே வைத்து அனுப்பிவிட்டார். அதனால் கேரியர் கால் பிரேக் காலிப்பரில் இடிக்கிறது, அந்தப் பக்கம் நீள போல்ட்டும் வாஷர்களும் போட்டுத் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். ஃபோனில் கேட்டதற்கு, "அதுதான் சார் பலமான இடம்" என்றார். பவுடர் கோட்டிங்கும் ஏமாற்றம். ஹெட் டியூப் பக்கம் கேபிள் உரசிய இடத்தில் கீறல் விழுந்து, மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் துரு நகக்கண் அளவுக்குப் பரவிவிட்டது. சுரண்டி, பிரைமர் அடித்து, டச்-அப் செய்திருக்கிறேன். புதிதாக ஆர்டர் கொடுப்பவர்கள் துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்த பிறகே கோட்டிங் போடச் சொல்லுங்கள், கேபிள் தொடும் இடங்களில் முதல் நாளே டேப் ஒட்டிவிடுங்கள். உயரம் 170-க்கு மேல் என்றால் 650பி-க்காக மெனக்கெட வேண்டாம், 700சி ரெடிமேட் ஃபிரேமே ஒத்துவரும்.