நியூ ஜெர்சியா, டெக்சஸா, வட கரோலினாவா: வேலை போன மாதத்திலும் வரும் பில்

நியூ ஜெர்சியின் எடிசனில் 14 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, 2021 கோடையில் நாங்கள் கேரிக்குக் குடிபெயர்ந்தோம். அப்போது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. நியூ ஜெர்சியிலேயே இருந்துவிடுவது, மனைவியின் தம்பி வசிக்கும், டெக்சஸில் டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்குப் போவது, வட கரோலினாவில் ராலேவை ஒட்டிய கேரிக்கு வருவது. இன்றும் ஜெர்சி நண்பர்கள் யாராவது அழைத்து இந்த மூன்றில் எது நல்லது என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். நான் கேரியின் பக்கம் சாய்ந்தவன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்காவின் வடக்கிலிருந்து தெற்குக்குப் போகும் இந்த நகர்வு நம்மவர்களோடு நிற்பதில்லை. 1910 முதல் 1970 வரை தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போன கறுப்பின மக்கள் சுமார் 60 லட்சம் பேர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1970களிலிருந்தே அட்லாண்டா, சார்லட் போன்ற ஊர்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் டெக்சஸுக்கு 2 இடங்களும் வட கரோலினாவுக்கு 1 இடமும் கூடின. நியூயார்க் ஓர் இடத்தை இழந்தது.

எல்லாருக்கும் தெரிந்தவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதே பணத்துக்குத் தெற்கில் பெரிய வீடு கிடைக்கும். பனி வாரும் வேலை ஏறக்குறைய இல்லை. கோடையில் டல்லாஸ் கொளுத்தும், கேரி புழுங்கும். கணினித் துறை வேலைக்கு டல்லாஸ் பெரிய சந்தை. கேரிக்கு அருகில் 1959இல் தொடங்கிய ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற ஆய்வு, தொழில்நுட்ப வளாகம் இருக்கிறது. கோயிலும் தோசை மாவும் மூன்று இடங்களிலும் கிடைக்கின்றன.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது சொத்து வரி.

2020 வசந்தத்தில் எனக்கு வேலை போனது. மனைவியின் சம்பளமும் பாதியானது. வருமானம் சுருங்கியதும் வருமான வரியும் சுருங்கிவிட்டது. கடைக்குப் போவதைக் குறைத்தோம், விற்பனை வரியும் குறைந்தது. ஆகஸ்ட் 1ஆம் தேதி சொத்து வரித் தவணை மட்டும் ஒரு டாலர் குறையாமல் வந்து நின்றது. நியூ ஜெர்சியில் இதை ஆண்டுக்கு நான்கு முறை கட்ட வேண்டும்: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். எங்கள் தவணை 3,000 டாலருக்கு மேல். வீட்டுக் கடனை அடைத்து முடித்தாலும் இது முடியாது என்பது அன்று இரவு சமையலறை மேசையில் கணக்குப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அறுபத்தைந்து வயதில், சம்பளமே இல்லாத காலத்தில், மாதம் ஆயிரம் டாலரை எங்கிருந்து எடுத்து வைப்போம்?

அந்தக் கேள்வியோடுதான் மூன்று ஊர்களையும் ஒப்பிட்டோம். ஒரே அளவுகோலாக 6 லட்சம் டாலர் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எடிசனில் அதற்குச் சொத்து வரி ஆண்டுக்கு 12,000 டாலரைத் தாண்டும். கேரியில் வேக் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்றது) நகராட்சியும் சேர்த்து, 2024 விகிதப்படி 5,000 டாலர் அளவில் நிற்கும். ஃபிரிஸ்கோவில் நகரம், கவுண்டி, கல்லூரி, பள்ளி என எல்லாம் கூடி 1.7 சதவீதத்தை ஒட்டி வரும். குடியிருக்கும் வீட்டுக்கான விலக்கைக் கழித்தாலும் கேரியைவிட மூன்று, நான்கு ஆயிரம் டாலர் அதிகம். அதற்கும் வடக்கே புதிதாக எழும் குடியிருப்புகளில் தண்ணீர், சாலை, சாக்கடை போட வாங்கிய கடனுக்கென்று தனி வரி ஒன்றும் உண்டு. சில இடங்களில் மொத்தம் 2.5 சதவீதத்தை எட்டும். வீட்டின் பளபளப்பில் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

மைத்துனன் விடவில்லை. "அத்தான், இங்கே மாநில வருமான வரியே கிடையாது. இதற்கு மேல் என்ன யோசனை?" என்றான். அவன் சொன்னது சரிதான். வட கரோலினாவில் எல்லாருக்கும் ஒரே விகித வருமான வரி. 2025இல் அது 4.25 சதவீதம், 2026இல் 3.99. கணவனும் மனைவியுமாக 2 லட்சம் டாலர் சம்பாதிக்கும் குடும்பம் ஆண்டுக்கு ஏழாயிரம் டாலர் அளவில் இங்கே மாநிலத்துக்குக் கொடுக்கும். சொத்து வரியில் மிச்சமாவதை அது விழுங்கிவிடும். நல்ல சம்பளம் தடையின்றி வரும் ஆண்டுகளில் டெக்சஸே மலிவு. இதை மறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் சம்பளம் நின்றால் வருமான வரியும் அதோடு நின்றுவிடும். சொத்து வரி நிற்காது. விசாவில் இருப்பவர்களுக்கு, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரியது. நல்ல ஆண்டில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, கெட்ட ஆண்டில் குறைவாகக் கொடுப்பதை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். டெக்சஸில் 65 வயதானவர்களுக்குப் பள்ளி வரி உயராமல் உறைந்து நிற்கும். அங்கேயே முதுமை வரை இருக்கப் போகிறவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். உறைந்தாலும் அது ஏற்கெனவே உயரத்தில்தான் உறைகிறது என்பது என் எண்ணம்.

கேரியிலும் வரி ஏறாமல் இல்லை. 2024 மறுமதிப்பீட்டில் வேக் கவுண்டி வீடுகளின் மதிப்பு பாதிக்கு மேல் உயர்ந்தது. விகிதத்தைக் குறைத்தார்கள், இருந்தும் எங்கள் பில் கூடியது. காருக்கும் ஆண்டுதோறும் சொத்து வரி உண்டு. ஜெர்சியிலிருந்து வருபவர்களுக்கு அது முதல் ஆண்டில் அதிர்ச்சி தரும்.

ஒரு கண்ணியைச் சொல்லியாக வேண்டும். நியூயார்க் நிறுவனத்தின் வேலையைக் கையோடு கொண்டுபோய் தெற்கிலிருந்து செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுவனத்தின் தேவைக்காக இல்லாமல் உங்கள் வசதிக்காக வெளிமாநிலத்தில் இருந்தால், அந்தச் சம்பளத்துக்கு நியூயார்க் தன் வரியைக் கேட்கும். டெக்சஸில் உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். அப்போது 'வருமான வரி இல்லாத மாநிலம்' என்ற பேச்சுக்கே பொருள் இல்லாமல் போகும். வட கரோலினாவில் இருந்தாலும் நியூயார்க்கின் உயர்ந்த விகிதத்திலிருந்து தப்ப முடியாது.

பராமரிப்பில் மூன்று ஊர்களுக்கும் மூன்று தலைவலிகள். ஜெர்சியில் நிலவறைக்குள் தண்ணீர். டல்லாஸில் ஆலங்கட்டி மழை. மைத்துனன் வீட்டுக் கூரையை மாற்ற வேண்டி வந்தபோது, காப்பீட்டுக்கு முன் அவன் கையிலிருந்து போனது வீட்டு மதிப்பில் 2 சதவீதம், ஏறக்குறைய 10,000 டாலர். கேரியில் பல வீடுகளுக்கு நிலவறை கிடையாது. தரைக்கடியில் தவழ்ந்து போகும் உயரத்துக்கு ஒரு வெற்றிடம் இருக்கும். அங்கே ஈரம் தேங்கினால் பூஞ்சை, பிறகு கரையான். நாங்கள் வாங்கிய மறு ஆண்டே அதை முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, ஈரப்பதம் இழுக்கும் இயந்திரம் வைத்தோம். வாங்கும் முன் அதற்குள் ஆளை இறக்கிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மார்ச் கடைசியில் பைன் மகரந்தம் காரையும் திண்ணையையும் மஞ்சளாக மூடும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த மூன்று வாரங்கள் கடினம்.

விட்டு வந்ததில் மனம் இன்னும் தேடுவது ரயிலைத்தான். எடிசன் பக்கத்து மெட்ரோபார்க்கில் ஏறி நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனையோ படித்திருக்கிறேன். இங்கே பாலுக்கும் கார்தான். எடிசனில் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டுக்கு ஈடான கடைத்தெருவும் இங்கே இல்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் தோண்டினால் செம்மண். அம்மா வந்திருந்தபோது அதைக் கையில் அள்ளி, "இது நம்ம ஊர் மண்ணாட்டம் இருக்கிறதே" என்றார். வெண்டையும் கத்திரியும் அவர் கையால் காய்த்தன. 2022இல் கேரி வெங்கடேசுவரர் கோயிலின் 87 அடி ராஜகோபுரம் திறந்த பிறகு, ஊர் இன்னும் கொஞ்சம் நம்முடையதானது போல இருக்கிறது.

பிள்ளைகளின் கல்லூரியும் கேரிக்கே சாதகம். வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் மாநில மாணவருக்குக் கல்வியும் இதரக் கட்டணங்களும் ஆண்டுக்கு 9,000 டாலர் அளவில். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்த மாநில மாணவருக்கே 17,000 டாலருக்கு மேல். சேப்பல் ஹில்லில் சேரும் புதிய மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. என் மகள் இன்னும் பள்ளியில்தான் படிக்கிறாள். அதனால் சேர்க்கை உண்மையில் எவ்வளவு கடினம் என்பதை அனுபவமாகச் சொல்ல முடியாது. அட்லாண்டா, ஃபுளோரிடா பற்றியும் நான் பேசவில்லை. விருந்தாளியாகப் போய் வந்ததை வைத்து அறிவுரை சொல்லக் கூடாது.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். விற்பவர் காட்டும் பழைய வரி பில்லை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். டெக்சஸில் அது முதியவருக்கான உறைந்த வரியாகவோ, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாத வரம்புக்குள் இருந்த மதிப்பாகவோ இருக்கலாம். வீடு கைமாறியதும் அந்தச் சலுகைகள் போய்விடும். அந்த முகவரிக்கான எல்லா விகிதங்களையும் கூட்டி, நீங்கள் கொடுக்கப் போகும் விலையை அதால் பெருக்கிப் பாருங்கள். வந்த தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, சம்பளமே இல்லாத ஒரு மாதத்தின் செலவுப் பட்டியலில் எழுதி வையுங்கள்.