நேரடி ஒலிப்பதிவா, டப்பிங்கா: சிறு முதலீட்டுப் படத்துக்கு எது பொருந்தும்?

தமிழில் சொந்தப் பொறுப்பில் சிறு முதலீட்டுப் படம் எடுக்க இறங்குகிறவர்கள், எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று மாதக்கணக்கில் விவாதிப்பதைப் பார்க்கிறேன். உரையாடலைப் படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவு செய்வதா, பின்னர் சென்னைக்கு வந்து டப்பிங் செய்வதா என்ற கேள்வி மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிப்போடப்படுகிறது. அப்போது கையில் மிஞ்சியிருக்கும் பணமே அதற்கு விடை சொல்லிவிடுகிறது. எந்த ஊரில் எடுப்பது, யாரை நடிக்க வைப்பது, ஒரு நாளைக்கு எத்தனை காட்சி முடிப்பது ஆகிய அனைத்தும் இந்த முடிவைச் சார்ந்திருப்பதால், இதையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் முன்பு எடுத்த குறும்படங்களுக்கு டப்பிங் செய்தோம். கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில், அந்த ஊர் மக்களையே நடிக்க வைத்து எடுத்த முழுநீளப் படத்துக்கு நேரடி ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு வழியையும் பார்த்துவிட்ட நிலையில், நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் நடிக்கும் படத்துக்கு நேரடி ஒலிப்பதிவே ஏற்றது என்ற பக்கம் நான் உறுதியாகச் சாய்கிறேன்.

டப்பிங்தான் நம் சினிமாவின் இயல்பான வழி என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அது இடையில் வந்த வழக்கமே. 1931-இல் தொடங்கிய தமிழ்ப் பேசும்படத்தின் முதல் ஆண்டுகளில், வசனம் மட்டுமல்லாமல் பாட்டும் கேமராவுக்கு முன்னால் பாடியே பதிவு செய்யப்பட்டது. படப்பிடிப்பு ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோது, எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய ஆரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் கைக்கு வந்தன. அவை ஓடும்போது எழுந்த இரைச்சலில் வசனம் அமுங்கிப் போயிற்று. தளத்தில் பதிவாகும் குரல் வெறும் வழிகாட்டியாக, பைலட் ட்ராக்காக, தாழ்ந்தது அதனால்தான். இன்றைய டிஜிட்டல் கேமராவில், உள்ளே சூட்டைத் தணிக்கும் விசிறியின் மெல்லிய ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. 2001-இல் வெளியான ‘லகான்’ படத்தைக் கட்ச் வறள்நிலத்தில் பெருங்கூட்டத்தை வைத்துக்கொண்டு நேரடி ஒலிப்பதிவில் எடுத்து, ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும் பெற்றார்கள். ஆகவே தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டி டப்பிங்குக்குப் போக வேண்டிய நிலை இப்போது இல்லை. போவதென்றால் வேறு காரணம் சொல்ல வேண்டும்.

அந்த வேறு காரணங்களில் பலவும் எல்லோருக்கும் தெரிந்தவை. டப்பிங்கில் வசனம் தெளிவாக இருக்கும், படப்பிடிப்பு வேகமாக நகரும், எடிட்டிங் முடிந்த பிறகும் உதட்டசைவுக்குள் அடங்கும் வரை வசனத்தை மாற்றலாம், தணிக்கையில் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால் வேறு சொல்லை வைக்கலாம். நேரடி ஒலிப்பதிவுக்கு ஒலிப்பதிவாளர், பூம் (நீண்ட கம்பின் முனையில் பொருத்திய மைக்) பிடிப்பவர், ஓர் உதவியாளர் என்று ஆள் கூடும், சத்தம் ஓயக் காத்திருக்கும் நேரம் கூடும். செலவைப் பொறுத்தவரை நேரடி ஒலிப்பதிவில் பணம் முன்னால் போகிறது, டப்பிங்கில் பின்னால் போகிறது. சிறு படங்களில் பின்னால் வரும் செலவுக்கு வரும்போது பெரும்பாலும் கையில் பணம் இருப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: நடித்தவரின் குரலை இரண்டாம் முறை பெற முடியுமா என்ற கேள்வி. தொழில்முறை நடிகருக்கு டப்பிங் ஒரு கலை. காட்சியின் உணர்ச்சியை ஆறு மாதம் கழித்து இருட்டறையில் மைக் முன்னால் நின்று மீண்டும் வரவழைக்க அவர் பழகியிருக்கிறார். தீப்பெட்டிக் கட்டடத்தில் வேலை பார்க்கும் பெண்ணையோ ஆடு மேய்க்கும் பெரியவரையோ அங்கே நிறுத்தினால் நடப்பது வேறு. படப்பிடிப்பில் அந்தப் பெண் இடுப்பில் தண்ணீர்க்குடத்தோடு மேட்டில் ஏறிக்கொண்டே பேசியிருப்பார். மூச்சு வாங்கியதால் சொல்லின் கடைசி எழுத்து விழுங்கப்பட்டிருக்கும், பக்கத்தில் வந்தவர் பேசி முடிக்கும் முன்பே இவர் குறுக்கிட்டிருப்பார், “ஆமா” என்பது சொல்லாக அல்லாமல் ஒரு மூச்சாக வந்திருக்கும். டப்பிங் அறையில் குடம் இல்லை, மேடு இல்லை, குறுக்கே பேச ஆள் இல்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்து, சரியான கணத்தில் தொடங்க வேண்டும் என்ற கவலையோடு அவர் நிற்கிறார். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவராக இருந்தால், ஒவ்வொரு வரியையும் உதவி இயக்குநர் சொல்லிக்கொடுக்க, அதை அவர் திருப்பிச் சொல்கிறார். அப்போது வருவது அவருடைய பேச்சாக இருப்பதில்லை. உதவி இயக்குநரின் ஏற்ற இறக்கம் அவர் தொண்டையில் வருகிறது. எங்கள் குறும்படம் ஒன்றில், படப்பிடிப்பில் அத்தனை கம்பீரமாகப் பேசிய ஒரு பெரியவர், டப்பிங்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதைப் போலப் பேசியதை நேரில் பார்த்தேன். அவரிடம் ஒரு குறையும் இல்லை. அந்த அறை அவருக்கானது இல்லை.

இதோடு நடைமுறைச் சிக்கல்களும் சேர்ந்துகொள்கின்றன. எடிட்டிங் முடிந்து டப்பிங் தொடங்கும்போது விதைப்பாக இருக்கும் அல்லது அறுப்பாக இருக்கும். கூலியை விட்டுவிட்டு வந்து சென்னையில் தங்கச் சொன்னால், அதை ஈடுகட்ட வேண்டியது நம் கடமை. முதியவர்களில் ஒருவர் இடைப்பட்ட மாதங்களில் நோயில் விழலாம், பையன் ஒருவனுக்குக் குரல் உடைந்திருக்கலாம். இவற்றில் எது நேர்ந்தாலும் தொழில்முறை டப்பிங் கலைஞரைக் கொண்டு பேச வைப்பதே மிஞ்சும் வழி. அவர்கள் திறமைசாலிகள், ஆனால் அவர்களிடம் நம் சினிமா இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வாங்கியது ஒரு பொதுவான கிராமத் தமிழை. கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சுக்கும் மதுரைப் பேச்சுக்கும், ஏன், ஒரே ஊரில் மேலத்தெருப் பேச்சுக்கும் கீழத்தெருப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பொதுத் தமிழில் கரைந்துவிடும். முகம் அந்த ஊருடையதாகவும் குரல் வேறொருவருடையதாகவும் உள்ள படத்தை, அந்த ஊரிலேயே திரைகட்டிக் காட்டும்போது முதலில் உணர்பவர்கள் அந்த மக்கள்தான். ஒருவரின் முகத்தை வாங்கிக்கொண்டு குரலை வேண்டாமென்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை.

இந்த இரு வழிகளும் உலக சினிமாவில் ஒரே காலத்தில், ஒரே இயக்கத்துக்குள் பக்கம் பக்கமாக இருந்திருக்கின்றன. போருக்குப் பிந்தைய இத்தாலியின் நியோரியலிசப் படங்கள் தெருவையும் சாதாரண மக்களையும் திரைக்குக் கொண்டுவந்தன என்று போற்றுகிறோம். ஆனால் 1945-இல் ரோசெல்லினி எடுத்த ‘ரோம், திறந்த நகரம்’ தொடங்கி அவற்றில் பெரும்பாலானவை பின்னால் குரல் சேர்க்கப்பட்டவையே. அதற்கு மாறாக, 1948-இல் விஸ்கோன்டி ‘லா தெரா த்ரேமா’வை எடுத்தபோது, சிசிலியின் ஆச்சி திரெட்சா என்ற கடற்கரை ஊரின் மீனவர்களையே நடிக்க வைத்து, அவர்களுடைய வட்டார மொழியைத் தளத்திலேயே பதிவு செய்தார். அந்தப் பேச்சு மற்ற இத்தாலியர்களுக்கே எளிதில் புரியாததால், படத்தில் பின்னணி விளக்கவுரை சேர்க்க வேண்டியிருந்தது. டப்பிங் செய்தும் மாபெரும் படம் எடுக்கலாம் என்பதற்கு முதல் வகை சான்று. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சே ஒரு மக்களின் வாழ்வாக இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டாம் வகையில் கற்றுக்கொள்ள முடிகிறது. நம்மிடையே 2024-இல் வெளியான ‘கொட்டுக்காளி’ பின்னணி இசையே இல்லாமல், பேச்சையும் சாலையின் ஓசையையும் மட்டும் நம்பி நின்றது இந்தத் திசையில் பெரிய துணிவு.

டப்பிங்குக்குச் சார்பாக வலுவான வாதம் ஒன்று உண்டு. செலவையும் நேரத்தையும் விட அது முக்கியமானது. டப்பிங் செய்யப்போகும் படத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் பேசலாம். “இப்ப திரும்பிப் பாருங்கம்மா”, “கொஞ்சம் நில்லுங்கண்ணே”, “இப்ப சொல்லுங்க” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தே புதியவர்களை நடத்திச் செல்லும் இயக்குநர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். நேரடி ஒலிப்பதிவில் அந்த வசதி பறிபோகிறது. இதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது நீண்ட ஒத்திகை: படப்பிடிப்புக்கு முன்பே கேமரா இல்லாமல் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டு பேச விட்டோம், வசனத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்யச் சொல்லாமல், சொல்ல வேண்டிய செய்தியை மட்டும் கூறினோம். இடையில் குறிப்புக் கொடுக்க வேண்டியிருந்தால், யாரும் பேசாத இடைவெளியில் கொடுத்து, எடிட்டிங்கில் அதை நீக்கினோம். ஒத்திகைக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இந்த வழி கடினம்.

நேரடி ஒலிப்பதிவை முடிவு செய்தால், ஊரைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியலிலிருந்தே பாடும். கிணற்று மோட்டார் எப்போது மின்சாரம் வருகிறதோ அப்போது ஓடும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் சுழலும் ஓசை, இரவில் வெகுதூரம் கேட்கும். இப்போது தென்மாவட்டங்களில் மயில் அகவாத காடே இல்லை. இவற்றில் சிலவற்றைக் கதைக்குள் அனுமதிக்கலாம், சிலவற்றுக்கு நேரம் மாற்ற வேண்டும். சிறு படங்களுக்கு இங்கே ஓர் இயல்பான சாதகம் உண்டு. நூறு பேர் கொண்ட குழுவை “சைலன்ஸ்” என்று அடக்குவது ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு போராட்டம். பதினைந்து பேர் கொண்ட குழு தானாகவே அடங்கும். பேட்டரியில் எரியும் எல்இடி விளக்குகளோடு எடுத்தால் ஜெனரேட்டரே வேண்டியதில்லை.

மைக் விஷயத்தில் பூம் மைக்கையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பேன். காலர் மைக் துணைக்கு மட்டும். கஞ்சி போட்ட பருத்தியும் பாலியெஸ்டரும் உரசும் சத்தம் வசனத்தின் மேல் விழுந்தால் அதைப் பிரித்தெடுப்பது கடினம். மேல்சட்டை இல்லாத ஆணுக்கு மைக்கை மறைக்கத் தலைப்பாகையையோ தோள் துண்டையோ விட்டால் இடமில்லை. 32 பிட் ஃப்ளோட் முறையில் பதியும் சிறிய கருவிகள் வந்த பிறகு, எதிர்பாராமல் ஒருவர் கத்திவிட்டால் பதிவு கெட்டுப்போகும் அச்சம் பெரிதும் குறைந்துவிட்டது; முன்பின் அனுபவமில்லாதவர்கள் எப்போது குரலை உயர்த்துவார்கள் என்று சொல்ல முடியாத படங்களுக்கு இது பெரிய வரம். ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்ததும் எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிறுத்தி, அந்த இடத்தின் வெற்று ஓசையான ரூம் டோனைப் பதிவு செய்துகொண்டால், எடிட்டிங்கில் வெட்டுகளை இணைப்பது எளிதாகும்.

எடிட்டிங் மேசையிலும் வேறுபாடு தெரிகிறது. உண்மையான குரலோடு வெட்டும்போது, ஒரு டேக்கில் முகம் நன்றாக இருந்து குரல் பொய்யாக இருந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. டப்பிங் படத்தில் முகத்தைப் பார்த்து டேக்கைத் தேர்ந்தெடுத்து, குரலைப் பின்னால் நம்ப வேண்டும். கோவாவில் 2007 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்திவரும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தை போன்ற இடங்களுக்கு முடிவடையாத படத்தை அனுப்பும்போதும், இரைச்சலான பைலட் ட்ராக்கோடு அனுப்புவதை விட, கேட்கத்தக்க குரலோடு அனுப்புவது படத்தின் உயிரை முன்கூட்டியே காட்டும்.

இவ்வளவும் சிறு குழு, நிதானமான காட்சிகள், வயது வந்த நடிகர்கள் என்ற எல்லைக்குள் நான் கண்டவை. சண்டைக் காட்சியும் திருவிழாக் கூட்டமும் நிறைந்த படத்தை நான் இந்த முறையில் எடுத்ததில்லை. அங்கே கணக்கு மாறலாம். பெரும்பாலும் சிறு குழந்தைகளே நடிக்கும் படமென்றால், பேசிப் பேசி நடத்தும் டப்பிங் வழிக்குச் சாதகம் கூடும் என்று ஊகிக்கிறேன், ஆனால் அது ஊகம் மட்டுமே. விற்பனையைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: படத்தை இந்தியிலோ தெலுங்கிலோ பேச வைத்து வெளியிட ஓடிடி தளங்கள் கேட்டால், வசனம் நீங்கலான இசையும் ஓசையும் மட்டும் கொண்ட தனித்தடத்தைக் கொடுக்க வேண்டும். டப்பிங் படத்தில் அது ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறது. நேரடி ஒலிப்பதிவில் வசனத்தோடு காலடியும் பாத்திரச் சத்தமும் ஒட்டியிருப்பதால், அவற்றை ஃபோலி கலைஞரைக் கொண்டு மீண்டும் உருவாக்க வேண்டும். அதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்குவது நல்லது. துணைத்தலைப்போடு திரைவிழாக்களுக்கு மட்டும் செல்லும் படத்துக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை.

கையிருப்பு எப்படிப் பார்த்தாலும் போதாமல் டப்பிங்கே வழி என்று ஆனாலும், பைலட் ட்ராக்கைக் கேமராவின் மேல் உள்ள மைக்கில் விட்டுவிடாமல், ஒரு நல்ல பூம் மைக்கும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் வைத்துப் பதிவு செய்யுங்கள். டப்பிங் அறையில் எத்தனை முறை முயன்றும் வராத வரிகளை, அழுகையை, சிரிப்பை, அந்தத் தடத்திலிருந்து எடுத்துப் படத்தில் வைக்க முடியும்.