வாடிக்கையாளர் பட்டியலைச் சீர்செய்யும் சேவை: கொடுத்த பணத்துக்குத் தகுமா?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகித மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கடையின் கணினியில் 2,400 வாடிக்கையாளர் பெயர்கள் சேர்ந்திருந்தன. அவற்றைச் சீர்செய்ய அம்பத்தூரில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தை அமர்த்தினோம். பெயருக்கு 6 ரூபாய் வீதம் 14,400 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தார்கள்.

ஜிஎஸ்டி எண்களைச் சரிபார்த்ததில் குறையே சொல்ல முடியாது. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். கடைசி இடம், முன்னுள்ளவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி என்பதால், ஓர் எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும். எங்கள் பட்டியலில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் தட்டியிருந்ததே அதிகம். பில்லில் எண் தவறினால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, சிக்கலாகும். அதைத் திருத்தித் தரும்வரை பணத்தை நிறுத்திவைத்தவர்கள் உண்டு, அவர்கள் மீது தவறும் இல்லை.

ஒரே கடை 'பழைய எண் 14, மவுண்ட் ரோடு' என்றும் 'புதிய எண் 31, அண்ணா சாலை' என்றும் இருமுறை பதிவாகியிருந்தது. மென்பொருளுக்குப் பிடிபடாத இதை, அவர்கள் அலுவலகப் பெண்மணி ஒருவர் பொறுமையாகத் தொலைபேசியில் விசாரித்துக் கண்டுபிடித்தார்.

ஆனால் மேற்கு மாம்பலத்தில் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருந்த, ஜிஎஸ்டி பதிவில்லாத இரண்டு அச்சகக்காரர்களை எங்களைக் கேட்காமலே ஒருவராக்கிவிட்டார்கள். ஒருவருடைய பாக்கி 8,350 ரூபாய் மற்றவர் தலையில் விழுந்தது. இருபது ஆண்டுகளாகப் பழகியவரிடம் இல்லாத கடனைக் கேட்டுவிட்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சொன்னவுடன் கட்டணமின்றித் திருத்தினார்கள் என்றாலும், இணைக்கும் பெயர்களை முன்கூட்டியே காட்டும்படி நீங்கள் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பு மாதம் 20 சாம்பிள் பார்சல்கள் முகவரி தவறித் திரும்பி வந்தன; இப்போது நான்கு வருகின்றன. போகவர ஒன்றுக்கு 110 ரூபாய் என்று வைத்தால், கொடுத்த கட்டணம் எட்டு மாதத்துக்குச் சற்று மேல் தேறிவிடும். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல எங்கள் கணக்குப்பிள்ளைக்கு ஒன்பது நாள் பிடித்தது; அந்தச் சம்பளம் எந்த பில்லிலும் வராது. மூன்று ஆண்டுகளாக எதுவுமே வாங்காத 1,100 பேரை முதலில் ஒதுக்கியிருந்தால் செலவு 7,800 ரூபாயோடு நின்றிருக்கும். அதை யோசிக்காமல் விட்டது எங்கள் பிழை.

மாதாமாதம் பராமரிக்கும் ஆண்டு ஒப்பந்தத்தை நாங்கள் எடுக்கவில்லை. புது வாடிக்கையாளரைப் பதியும்போதே ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைத் தட்டி, பதிவான பெயரைக் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ள முடிகிறது. கல்லாவில் இருக்கும் பையன் இப்போது அதைச் செய்த பிறகே பில் போடுகிறான்.