கேரளத்தில் இறந்தவரின் இறப்புச் சான்று இங்கே செல்லாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

குமரி மாவட்டத்தில், குறிப்பாக எல்லையை ஒட்டிய ஊர்களில் இருப்பவர்கள், வீட்டில் யாரையாவது திருவனந்தபுரத்தில் சிகிச்சைக்குச் சேர்த்திருந்தால் இதை முழுவதும் படிக்க வேண்டுகிறேன். என் அக்கா ஏழு மாதம் அலைந்து, 5,000 ரூபாயையும் இழந்த பிறகு எங்களுக்குத் தெரியவந்தவற்றை வேறொரு குடும்பம் முதல் நாளிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அத்தான் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. 2024 செப்டம்பரில் ஒரு விடியற்காலையில் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். இங்குள்ள மருத்துவமனையில் மூளையில் இரத்தக்கசிவு என்று சொல்லித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அங்கேயே இறந்துவிட்டார். அவருக்கு வயது 46. அக்காவுக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். அவள் முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸில், கூலிக்குப் போகிறவள்.

இறப்புச் சான்று கேரளத்திலிருந்து தாமதமில்லாமல் வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு வாரிசுச் சான்றுக்காக வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றுக்கு அக்கா போனபோது, மேசையில் இருந்தவர் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "இது கேரளா சர்டிபிகேட். இங்கே எடுக்காது. தமிழ்நாட்டுச் சர்டிபிகேட் கொண்டு வாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் விண்ணப்பத்தை அவர் வாங்கவும் இல்லை, மறுப்பை எழுதித் தரவும் இல்லை. அடுத்த முறை போனபோது அவர் விடுப்பில் இருந்தார். மூன்றாம் முறையும் அதே பதில். நான்காம் முறைதான், இன்னொரு ஊழியர் சான்றை வாங்கிப் படித்துப் பார்த்து, அதிலுள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றார். மருத்துவமனையில் அத்தானின் பெயருடன் வீட்டுப் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருந்தது. இது நியாயமான குறைதான். ஆனால் முதல் நாளே அந்தத் தாளைப் படித்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறை போகும்போதும் அக்காவுக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின. கணவனை இழந்து நாற்பது நாள் ஆகாதவள், ஒரு மேசையின் முன்னால் நின்று தன் கணவர் இறந்தது உண்மைதான் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. இன்றும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பெரிய நோய் என்றால் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித்தான் நோயாளியைக் கொண்டுபோகிறோம். இப்படிப்பட்ட மாவட்டத்தின் அலுவலகத்தில் கேரளச் சான்றை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் ஒருவர் பேசியதை என்னால் அறியாமை என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த அலுவலகத்துக்கு வெளியே, மனு எழுதித் தருகிறவர்களோடு உட்கார்ந்திருந்த ஒருவர்தான் அக்காவை ஏமாற்றியவர். தமிழ்நாட்டு இறப்புச் சான்றைத் தானே வாங்கித் தருவதாகவும், 8,000 ரூபாய் ஆகும் என்றும் சொல்லி 5,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார். அத்தான் வீட்டிலேயே இறந்ததாக எழுதி, அக்காவிடம் கையெழுத்துக் கேட்டபோதுதான் அவள் பயந்து எனக்குப் போன் செய்தாள். நான் போய் நிறுத்தினேன். பணம் திரும்பி வரவில்லை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, இறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவாகும்; மருத்துவமனையில் இறந்தால் தகவல் கொடுக்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனையுடையது. அப்படித் தரப்படும் சான்று இந்தியா முழுவதும் செல்லும். திருவனந்தபுரத்தில் இறந்தவருக்குத் தமிழ்நாட்டில் இரண்டாவது சான்று என்று ஒன்று கிடையாது. அதை வாங்கித் தருவதாகச் சொல்கிறவர் உங்களைப் பொய்ப் பதிவில் மாட்டிவிடுகிறார். பின்னால் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனை ஆவணத்தைக் கேட்டால், இறந்த இடம் இரண்டாக இருப்பது உடனே தெரிந்துவிடும். பணம் கிடைக்காமல் போவதோடு, கையெழுத்துப் போட்டவள்மேல் வழக்கும் வரலாம்.

பெயர்த் திருத்தத்தையும் பதிவு செய்த பதிவாளரிடம்தான் செய்ய முடியும் என்பதால், அதற்காக இரண்டு முறை திருவனந்தபுரம் போய் வந்தோம். அங்கேயும் வரிசையில்தான் நின்றோம், ஆனால் என்னென்ன தாள் வேண்டும் என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். மருத்துவமனையில் இறந்தவரின் விவரங்களைக் கேட்டு எழுதும்போது, வீட்டார் அழுதுகொண்டிருக்கும் அந்த நேரத்தில், சற்று நிதானமாக உள்ள உறவினர் ஒருவர் ஆதார் நகலைக் கொடுத்து, எழுதப்பட்ட பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே கிளம்புங்கள்.

அடுத்து நாங்கள் மேசைக்குப் போகவில்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். அங்கே விண்ணப்ப எண் கிடைத்துவிடும்; அதன்பின் யாரும் வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்ப முடியாது, மறுப்பதானால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அப்படியும் விண்ணப்பம் ஒரே இடத்தில் ஆறு வாரம் கிடந்தது. திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். கூடவே 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எங்கள் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்த அலுவலரிடம் இருந்தது என்று மட்டும் கேட்டோம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாள் முடிவதற்கு முன்பே, 2025 ஏப்ரலில், வாரிசுச் சான்று வந்துவிட்டது. இத்தனை எளிதாகக் கொடுக்கக்கூடிய ஒன்றுக்காகவா அவளை ஏழு மாதம் அலைய விட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்ததும் அதற்குப் பிறகுதான். கேரளச் சான்று செல்லாது என்று நம்பியிருந்ததால் அதுவரை அந்தப் பக்கமே போகவில்லை.

இன்னொன்று. அத்தானின் வங்கிப் புத்தகத்தை எதற்காகவோ புரட்டியபோது, மே மாதத்தில் 436 ரூபாய் பிடித்திருப்பதைப் பார்த்தேன். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஆண்டுத் தொகை. காப்பீடு செய்தவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்க வேண்டும். அவர் இறந்த செய்தியைச் சொல்லக் கிளைக்குப் போன அக்காவிடம் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. வாரிசுச் சான்று கொண்டு வரும்படி மட்டுமே சொன்னார்கள். கணக்கில் நியமனதாரராக, அதாவது நாமினியாக, அக்காவின் பெயர் இருந்தது. நியமனதாரர் இருக்கும் கணக்குக்கு வாரிசுச் சான்று கேட்டு அலையவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி நீண்ட காலத்துக்கு முன்பே அறிவுறுத்தியிருக்கிறது. இறந்தவரின் வங்கிப் புத்தகத்தில் 436 என்றோ, விபத்துக் காப்பீட்டுக்கான 20 என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இருந்தால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.

போன வாரம் நானும் அக்காவும் சேர்ந்து கிளைக்குப் போனோம். காப்பீட்டு விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகும்படி சொன்னார்கள். "நகலில் தேதி போட்டு, சீல் வைத்துத் தாங்க சார், வாங்கிக்கிட்டுப் போறேன்" என்று அக்காவே சொல்லி, சீல் வைத்துத் தரும்வரை அங்கேயே நின்றாள்.